அப்பாவுக்குப் பக்கத்து இடம்

அம்மாவின் பெயரைக் கல்லிலிருந்து செதுக்கி எடுத்துக்கொண்டிருந்தார் கல்வெட்டுக்காரர்.

காலை டூட்டி முடிந்து கல்லறைத் தோட்டத்து வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பஸ் டிரைவர் மகன் அப்படியே நின்றுவிட்டான்.

அப்பா இறந்தபோது அம்மாதான் அடம்பிடித்து இரண்டு பேருக்கு இடம் வாங்கினாள். ஒரே கல். இடது பக்கம் அப்பா பெயர், பிறந்தது, இறந்தது. வலது பக்கம் அம்மா பெயர், பிறந்த தேதி, ஒரு சின்னக் கோடு. அதற்கப்புறம் வெறும் கல்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முந்தானையால் இரண்டு பக்கத்தையும் துடைப்பாள். "இதோ வந்துடறேன், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். தையல்காரி. யாரோடாவது மனஸ்தாபம் என்றால் பொழுது சாய்வதற்குள் போய்ப் பேசிவிடுவாள். எடுத்த துணியைப் பாதியில் வைக்க மாட்டாள். ஆண்டவர் கூப்பிடும்போது ஊசியும் கையுமாகவா போய் நிற்பது என்பாள்.

அப்படிப்பட்டவள் பெயரை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டான்.

"உங்க அம்மாதான் தம்பி எடுக்கச் சொன்னாங்க. சாயங்காலத்துக்குள்ள முடியணுமாம். ஏன்னு நான் கேக்கலை."

வீட்டு வாசலிலேயே மனைவி காத்திருந்தாள், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு. எட்டாம் மாதம். மெல்ல இழுத்துப் பிடித்துக் காதில் ஓதினாள்.

மனைவியை இழந்த சர்ச் ஆர்கன்காரர் காலையில் வந்தாராம். அத்தையும் அவரும் வெளியே நின்று கிசுகிசுவென்று பேசினார்களாம். அவர் போனதும் அத்தை தன் கல்யாண கவுனைப் பெட்டியிலிருந்து எடுத்தாளாம். அடக்கத்துக்கு என்று பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த அதே கவுன். கதவைச் சாத்திக்கொண்டு தைக்கிறாளாம், காலையிலிருந்து.

"நல்லவேளை, மேல்வீட்டு வாலு ஆஸ்பத்திரியில இருக்கா. இல்லைன்னா இந்நேரம் தெருவுக்கே சொல்லியிருப்பா" என்றவள், குரலை இன்னும் தாழ்த்தினாள். "எனக்கு இந்த வயசுல புது மாமனார் வரப்போறார் போல இருக்குங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லில் பெயர் இல்லாமல் போன இடம் கண்ணிலேயே நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

அம்மா நிமிரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா உனக்கு என்னம்மா குறை வெச்சார்? பக்கத்துல படுக்கக்கூடப் பிடிக்காத அளவுக்கு?"

மெஷின் நின்றது. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்ததை உதறித் தூக்கிப் பிடித்தாள்.

வெள்ளைக் கவுன். அவன் இடுப்புவரைகூட வராது.

"கதவைச் சாத்துடா. மாசமா இருக்கற பொண்ணுக்குக் கேக்கவேண்டாம்" என்றாள். "விடியக்காலைல வாலு போயிட்டா. ஆர்கன்காரர்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்து சொன்னார்."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். மெஷினுக்கு அடியில் பொம்மைக்குச் சட்டை தைக்க என்று வாலு பொறுக்கி வைத்த வெட்டுத்துணிகள் அப்படியே கிடந்தன.

மேல்வீட்டுக்காரர்கள் பிழைக்க வந்தவர்கள். இங்கே அவர்களுக்குச் சொந்தக் கல்லறை கிடையாது. தோட்டத்திலும் புதிதாகக் கொடுக்க இடமில்லை. ஊருக்கு வெளியே சபை வாங்கியிருக்கிற புது நிலத்தில்தான் அடக்கமாம்.

"அங்க இன்னும் ஒருத்தர்கூட இல்லையாம். இவதான் முதல் ஆளாம்" என்றாள் அம்மா. கவுனின் சின்னக் கையை மடியில் வைத்து நீவினாள். "விளக்கை அணைச்சா அலறுவாளேடா அந்தப் பொண்ணு. சின்ன வயசுல கரண்ட் போனா நீயும் அப்படித்தான். அப்பா உன் மேல கை போட்டுக்கிட்டுப் படுத்தா அடங்கிடுவே."



"எத்தனை வருஷமா அந்த இடத்தைத் துடைச்சுத் துடைச்சு வெச்சே" என்றான் அவன். "அப்போ நீ?"

"கடைசி நாள்ல எக்காளம் ஊதினா எங்க கிடந்தாலும் எழுந்து வரத்தானே போறேன். வந்து அவரைத் தேடிக்கிறேன்."

அம்மா ஊசியில் நூலைக் கோத்தாள். ஒரு பட்டன் பாக்கி இருந்தது.

"அதுவரைக்கும் என்ன. அவர் போனதிலேருந்து இருட்டுல தனியாப் படுத்துப் பழகினவதானே நான்."