ஒரு ஓட்டு வித்தியாசம்

அந்தத் தொகுதியில் கடந்த மூன்று நாடாளுமன்றத் தேர்தல்களிலும் வென்றவர் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் வென்றார். மூவருமே பதவியேற்பதற்குள் இறந்துபோனார்கள். ஒருவருக்கு மாரடைப்பு, ஒருவருக்கு விபத்து. மூன்றாமவர் தூங்கப் போனவர்தான், எழுந்திருக்கவில்லை.

இந்தமுறை வக்கீலம்மாவுக்குக் கட்சி சீட்டுக் கொடுத்தது. பல வருடம் காத்திருந்து கிடைத்த சீட்டு. அவளால் மறுக்க முடியவில்லை. அவளுடைய தம்பிதான் பயந்தான்.

"தோத்தாலும் பரவாயில்லக்கா. அந்த ஒரு ஓட்டுல மட்டும் ஜெயிச்சிடாத."

வாக்குப்பதிவு நாளன்று அக்காவும் தம்பியும் யாருக்கும் சொல்லாமல் எதிர்க்கட்சி வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான்டா" என்று அக்கா சிரித்தாள்.

வாக்கு எண்ணும் கூடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் அவள் பின்தங்கியே இருந்தாள். தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசிச் சுற்று முடிந்ததும் தேர்தல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அறிவித்தார். வக்கீலம்மா ஒரு ஓட்டில் வெற்றி.

"திரும்ப எண்ணுங்க சார்!" என்று தம்பி கத்தினான். ஜெயித்தவர் பக்கமிருந்து யாரும் அப்படிக் கேட்டு அதிகாரி பார்த்ததில்லை. இருந்தாலும் எண்ணினார்கள். அதே ஒரு ஓட்டு.

தோற்ற வேட்பாளர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா. நானும் என் வீட்டுக்காரியும் உங்களுக்குத்தான் போட்டோம்."

அவள் வாய் திறப்பதற்குள் கட்சிக்காரர்கள் நாலு பேர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள்.