ஞாயிற்றுக்கிழமை பஞ்சர்

"இந்தாங்க, உங்க பொறந்தநாளுக்கு!"

சுகிர்தா நீட்டிய டப்பாவைத் திறந்து பார்த்தார் எபினேசர். உள்ளே கறுப்பாக இரண்டு குட்டி மூடிகள்.

"இன்னா இது?"

"பைக் டயர்ல காத்து எவ்ளோ இருக்குன்னு காட்டற சென்சாருங்க. வால்வுல திருகி வுட்டா போதும். காத்து கொறைஞ்சா என் போன் கத்தும்."

"உன் போனா?"

பரிசு வாங்கியவர் முகத்தில் ஈயாடவில்லை.

சுகிர்தா சும்மா வாங்கவில்லை. ஒரு மாதமாக இதே கூத்து. ஞாயிறானால் செவ்வாப்பேட்டையிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போக அவள் சேலை கட்டி வந்து நிற்பாள். பின் டயர் காற்றில்லாமல் தரையோடு அப்பிக் கிடக்கும்.

"கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோடுல லாரிக்காரன் ஆணியா கொட்டிக்கினு போறான்" என்பார் எபினேசர்.

பஞ்சர் கடைக்கார ராபின் சர்ச் முடிந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்துதான் கடை திறப்பார். அப்புறம் எங்கே செவ்வாப்பேட்டை போவது!

ஆணியே அகப்படாத பஞ்சர் வாராவாரம் எப்படி வரும்? மாமியார் வீடென்றால் இந்த மனுஷனுக்கு வேப்பங்காய். சுகிர்தா தீர்மானித்துவிட்டாள்.

"எங்கம்மா அங்க அல்லாடிக்கினு கீது. எங்கண்ணி விக்டோரியா வேளைக்கு சோறு போடறாளோ இல்லியோ. நான் போய் நாலு வார்த்தை கேட்டாத்தான் அவ அடங்குவா" என்று மூடிகளைத் தன் கையாலேயே திருகினாள்.

ஞாயிறு காலை. தலை வாரிக்கொண்டிருந்தபோது போன் வீலென்று அலறியது. சீப்போடு வாசலுக்கு ஓடினாள்.

எபினேசர் டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்தார். ஒரு கையில் மூடி, இன்னொரு கையில் வால்வை அமுக்கும் தீக்குச்சி. காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது.

"மூடியக் கழட்டிட்டா அதுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்..." வாய் தவறி வந்துவிட்டது. கழற்றிய மூடிக்குக் காற்றே இல்லை என்றுதான் போன் அலறியிருந்தது.

"அட கர்த்தரே! கட்டின புருஷனே காத்தப் புடுங்கறாரே!" சுகிர்தாவுக்குக் கண் கலங்கியது. "எங்கூட்டு ஆளுங்கள கண்டா அவ்ளோ எளக்காரமா உங்களுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க வராட்டி போங்க. நான் ரயில்ல போறேன். இன்னிக்கி அந்த விக்டோரியாவ ஒரு வழி பண்ணிட்டுதான் வருவேன்."

"வேணாம் சுகிர்தா, சொன்னா கேளு..."

பைக் சீட்டின் மேலிருந்த அவர் போன் அடித்தது. 'அத்தை' என்று பெயர் வந்தது. எபினேசர் பாய்ந்தார். சுகிர்தா முந்திக்கொண்டாள்.

"வரட்டும். மாப்ள லட்சணத்த எங்கம்மாவே கேக்கட்டும்" என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

அவள் வாய் திறப்பதற்குள் அம்மாவின் குரல் கிசுகிசுத்தது:

"மாப்ள, காத்தப் புடுங்கி வுட்டீங்களா? இந்த வாரமும் எப்டியாச்சும் அவள நிறுத்திடுங்க. அவ வந்து கத்திட்டுப் போனா விக்டோரியா ஒரு வாரம் அழுவுது மாப்ள. என்னைக் கொழந்த மாரி பாத்துக்கற பொண்ணு அது. நான் சொல்லித்தான் செய்யறீங்கன்னு மட்டும் சுகிர்தாவுக்குத் தெரிய வேணாம், பாவம், மனசு ஒடஞ்சிடுவா!"