நாக்கு போட்ட சோறு

“உப்பு போட்டீங்களா, இல்லையா? முதல்ல அதைச் சொல்லுங்க!”

“போட்டேன்னுதான் ஞாபகம். ரெண்டு தரம் போட்டுட்டேனோன்னும் இருக்கு” என்று போனில் மனைவியிடம் கிசுகிசுத்தார் சமையல் மாஸ்டர். தொழிற்சாலை கேன்டீனில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“போன்ல நான் எப்படிங்க ருசி பார்க்கிறது? காய் நறுக்கறவங்ககிட்ட ஒரு சொட்டு கொடுத்துக் கேளுங்களேன்.”

“அதுக்கு நானே மைக் வச்சு ஊர் பூரா சொல்லிடலாம். நாக்கு செத்த சமையல்காரனை எவன்டி வேலைக்கு வச்சுப்பான்?”

போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது மாஸ்டரின் ருசியையும் வாசனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து, அதே கேன்டீனில் பாத்திரம் கழுவும் மனைவிதான் அவருக்கு நாக்கு. கரண்டியை நீட்டுவார். அவள் தலையாட்டினால் சரி. உதட்டைப் பிதுக்கினால் ஏதோ கோளாறு. இன்று பார்த்து, தங்கைக்குப் பிரசவ வலி என்று அவள் ஓடிவிட்டாள்.

மற்றவர்களுக்குச் சோறு என்பது மத்தியானம் தட்டில் விழுவது. மாஸ்டருக்கு இந்த வேலைதான் சோறு. வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே அதற்குள் அடக்கம். அதில் இன்று மண் விழத்தான் போகிறது என்று நினைத்தபடி அடுப்புக்கும் வாசலுக்குமாக அலைந்தார்.

மேனேஜர் வந்தார். அவர் ருசி பார்த்துச் சொல்லாமல் அங்கே கரண்டி அசையாது.

“உங்க வீட்டம்மா எங்க, காணோம்?”

“அவசரமா லீவு, சார்.”

“முன்கூட்டியே சொல்ல மாட்டீங்களா?” மேனேஜரின் முகம் சுருங்கிப்போனது. ஒரு வாய் குழம்பை வெகுநேரம் நாக்கில் உருட்டினார். “ம்... அருமை, மாஸ்டர்!”

போன உயிர் திரும்பி வந்தது மாஸ்டருக்கு. ஆனால் முதல் மேஜையில் உட்கார்ந்த வெல்டர் வாயில் வைத்த வேகத்தில் துப்பினார்.

“யோவ் மாஸ்டர்! கடல் தண்ணியக் காய்ச்சி ஊத்தியிருக்கியா?”

மேனேஜர் பாய்ந்து வந்து, மாஸ்டரின் கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். தொலைந்தோம் என்று மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“வயித்துல அடிச்சிடாதீங்க, சார்...”

“மெதுவா பேசுங்க, மாஸ்டர்! அந்தக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கும் நாக்குல ஒண்ணும் தெரியல. தினமும் என் கண்ணாடி ரூம்லேர்ந்து, உங்க வீட்டம்மா தலையாட்டறதைப் பார்த்துட்டு வந்துதான் ‘அருமை’ன்னு சொல்லிட்டிருந்தேன். அவங்க எப்ப வர்றாங்க?”