ஆண் வாரிசு

பத்து நாள் பயிற்சி முடிந்து திரும்பியவள், பெட்டியும் கையுமாக நேரே ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

“வேளாவேளைக்குத் தீனி போட்டீங்களா? இந்த நீர்த்தெள்ளுப் பூச்சிங்கள நம்பித்தான் என் ஆராய்ச்சியே இருக்கு.”

“ஒரு நாள் தவறல. நூலகத்தைப் பூட்டிட்டு வந்து போட்டேன்” என்றார், அதே கல்லூரியில் நூலகராக இருக்கும் கணவர்.

அவள் நுண்ணோக்கியில் குனிந்தாள். “ஆம்பளப் பிள்ளை பிறந்திருக்கு.”

“பாத்தியா என் கைராசிய. இத்தனை நாளும் பொண்ணாவே பெத்துப் போடுதுன்னு சொன்னியே.”

“வயிறு நிறைஞ்சிருந்தா பொண்ணு மட்டும்தான் பெத்துக்கும். பட்டினி கிடந்தாத்தான் ஆணும் பிறக்கும். நல்லவேளை, இன்னும் சாகல.”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. “ரெண்டே ரெண்டு நாள்தாம்மா மறந்துட்டேன்.”

அவள் மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்தாள்.

“சரி, அஞ்சு நாள்” என்றார்.