பழைய கடவுச்சொல்

மீனா என்னும் துறைமுகப் பகுதியில், தன் தெருவில் ஃபவாஸுக்கு லினக்ஸ் மென்பொருள் பித்தர் என்றே பெயர். உள்ளங்கை அகலக் கணினிப் பலகையைத்தான் எந்நேரமும் நோண்டிக்கொண்டிருப்பார். மகன் நதீமின் போன் அந்தப் பலகை தரும் வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் மாடிப்படி விளக்கு பேட்டரியில் எரியும்படி, இருவரும் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். மின்சாரமே சரியாக வராத லெபனானின் திரிப்போலியில் அது ராஜபோகம்.

பிழைப்புத் தேடி நதீம் சைப்ரஸுக்கு ஏறிப்போன படகு கவிழ்ந்தது. நதீம் கரை சேரவில்லை. விளக்கு மட்டும் அந்தியானால் எரிந்தது. கதவைத் திறந்தால் ஆளில்லை.

“அபு நதீம், படிப்பக்கம் வரவே பயமா இருக்கு. அந்தச் சனியனை அழிச்சுத் தொலைங்க,” என்றாள் கீழ்வீட்டு சுஹைலா. அங்கே தகப்பனை மகன் பெயரால்தான் அழைப்பார்கள்.

“பேயுமில்ல பிசாசுமில்ல. புது சிஸ்டம் போட்டா சரியாயிடும்.”

பழையதை நகலெடுக்காமலே பலகையின் மெமரி கார்டைத் துடைத்துவிட்டு, புதிதாக ஏற்றினார். பித்தர்கள் என்றைக்கு நகலெடுத்தார்கள்?

மறுநாள் விளக்கு எரியவில்லை. பலகையின் குட்டித் திரையில் ஒரு வரி வந்தது: ‘நதீமின் போன். கடவுச்சொல் தவறு.’

பழைய கடவுச்சொல்லை வைத்தவன் நதீம். என்னவென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கடவுச்சொல்லே இல்லாமல் வைஃபையைத் திறந்தும் வைத்துப் பார்த்தார். தெருவிலுள்ள போனெல்லாம் வந்து ஏறிக்கொண்டது, அந்தப் போனைத் தவிர. மறுபடி பூட்டி, அந்திதோறும் ஒவ்வொரு சொல்லையாகக் கடவுச்சொல்லாக வைத்துப் பார்த்தார்: அவன் அம்மா பெயர், பூனை பெயர், அவன் காதலித்த பெண்ணின் பெயர். எல்லாவற்றுக்கும் திரையில் அதே ‘தவறு’.

“என்ன வார்த்தைடா வச்சே? சொல்லேன்டா,” என்று வாசலில் நின்று கெஞ்சினார். கடைசியில், கூச்சத்தோடு, தன் பெயரையே தட்டினார்.

அதுவும் இல்லை.

விளக்கெரியாத இருட்டில் யாரோ சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.