ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம்

காது நன்றாகக் கேட்கிற ஆள் கேட்காத மாதிரி நடித்தால், ஜட்ஜம்மாவிடம் பத்து நிமிஷம் தாங்காது.

காது ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கிறவள் அவள். நஷ்ட ஈட்டுக்காகவும் இடமாற்றத்துக்காகவும் செவிடாக வந்த பல பேர் அவளிடம் மாட்டி அசடு வழிந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய் ரிப்போர்ட்கூட எழுதியதில்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

அன்றைக்கு வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கூடவே கணவன்.

"மூணு மாசமா சுத்தமா கேட்கலை மேடம். கரடியா கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறா. எல்லாத்தையும் எழுதிக் காட்டிக் காட்டிக் கை வலிக்குது. இருக்கிறதுலயே பெரிய மெஷினா எழுதிக் கொடுங்க. தூங்கும்போது மட்டும்தான் கழட்டணும்னு அதையும் எழுதிக் காட்டிட்டேன். அப்புறம், உங்க சுவர்க் கடிகாரம் ரெண்டு நிமிஷம் வேகமா ஓடுது. அந்த ஃபேனை நிறுத்திட்டு டெஸ்ட் பண்ணுங்க. வாசல்ல செருப்பெல்லாம் ஏன் கோணல்மாணலா கிடக்கு?"

"நீங்க வெளியே உட்காருங்க," என்றாள் ஜட்ஜம்மா.

சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும் என்று ஜாடை காட்டினாள். வெளியே வந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்பினாள். சின்னது, பெரியது, காதைக் கிழிக்கிறது. பெண் எதற்கும் அசையவில்லை. நல்ல நெஞ்சழுத்தம்தான்.

ஜட்ஜம்மா மைக்கில் கிசுகிசுத்தாள். "அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது. எழுந்து வாங்க."

பெண் எழுந்துவிட்டாள்.

எழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப் போய் அப்படியே நின்றாள். ஜட்ஜம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"எதுக்கும்மா இந்த நாடகம்?"

அந்தப் பெண் கண்ணாடி வழியாக, கணவன் போன கதவைப் பார்த்தாள்.

"அடிக்கிறாரா?"

"இல்லக்கா. அடிச்சா யார்கிட்டயாவது சொல்லலாம். பேசுவார். தம்ளரை இப்படி வை, கதவை அப்படிச் சாத்து, ஏன் சிரிச்ச, யாரை நினைச்சுப் பாடின. கண்ணு முழிச்சதுலேர்ந்து படுக்கிற வரைக்கும். ஒருநாள் கூப்பிட்டப்ப நிஜமாவே கவனிக்கலை. காது போச்சாடின்னு கத்தினார். சும்மா முழிச்சேன். அதையே பிடிச்சுக்கிட்டேன்."

"இப்ப நிம்மதியாக்கும்."

"நான் என்ன நினைக்கிறேன்னு எனக்கே இப்பத்தான் கேட்குது. ஆனா..." அவள் ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள். "அம்மா போன் பண்ணினா எடுக்க முடியலை. அவர் எடுத்து, அவளுக்குத்தான் கேட்காதேன்னு வச்சிடுறார். பக்கத்து வீட்டக்கா ரெண்டு வாரம் ஜாடையில பேசிப் பார்த்தாங்க. அப்புறம் வர்றதில்லை. செவிட்டுக்கிட்ட வந்து யாருக்கா பேசுவா? ஒருத்தர் கேட்டு நான் பதில் சொல்றது மூணு மாசத்துல இன்னிக்குத்தான்."

அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

"மெஷின் போட்டாலும் கேட்காதுன்னு எழுதிக் கொடுத்துடுங்கக்கா. கடைசி வரைக்கும் இப்படித் தனியாவே இருந்துட்டுப் போறேன். அந்தக் குரல் மட்டும் வேண்டாம்."

"பொய் ரிப்போர்ட் எழுத மாட்டேன்," என்றாள் ஜட்ஜம்மா. "கண்ணைத் துடைச்சுக்கிட்டு உட்காரு. மறுபடியும் டெஸ்ட். இந்தத் தடவை ஒழுங்கா அமுக்கு."

ஈவிரக்கம் இல்லாத குரல். அந்தப் பெண்ணுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. கொசு பறக்கிற அளவு சத்தத்துக்குக்கூட ஒழுங்காக அமுக்கினாள்.

பிறகு ஜட்ஜம்மா கணவனை உள்ளே கூப்பிட்டாள்.

"காது ரெண்டும் நல்லா இருக்கு. மெஷின் தேவையில்லை."

"அப்ப இத்தனை நாளா நடிச்சாளா?" அவன் மனைவி பக்கம் திரும்பினான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முழுசாக் கேளுங்க. காதுல கோளாறு இல்லை. ஒரே குரல் ஓயாம விழுந்துக்கிட்டே இருந்தா, சில பேருக்கு மனசு அந்தக் குரலை உள்ளே விடாது. முதல்ல எல்லாமே அடைச்ச மாதிரி இருக்கும். இப்ப மத்ததெல்லாம் திறந்துடுச்சு. போன் பேசலாம், பாட்டுக் கேட்கலாம், பக்கத்து வீட்ல போய்ப் பேசிட்டு வரலாம். உங்க குரல் மட்டும்தான் கேட்காது."

"என் குரல் மட்டுமா?"

"ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசுங்க, மெதுவா. பதினொண்ணாவது பேசினா அந்தப் பத்தும் கேட்காமப் போயிடும். வாரா வாரம் இங்கே பயிற்சிக்கு வரட்டும். தனியா வரணும். நீங்க கூட வந்தா பலிக்காது."

"அதெப்படி மேடம், நான் இல்லாம..."

"ஒண்ணு," என்று விரலை மடக்கினாள் ஜட்ஜம்மா.

அவன் வாயை மூடிக்கொண்டான். அந்தப் பெண் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

சாயங்காலம், கையெழுத்துக்குப் போன ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"கிராஃப் நார்மல், சரி. கீழே என்ன இது? கணவர் குரல் மட்டும் கேட்காது, தினம் பத்து வாக்கியம்னு எழுதியிருக்கீங்க. இப்படி ஒரு நோயை நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்லையே. நீங்க போய்ப் பொய் எழுதலாமா?"

"பொய் இல்லை டாக்டர்," என்றாள் ஜட்ஜம்மா. வீட்டுக்குக் கிளம்பும் நேரம். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எனக்கே பதினெட்டு வருஷமா இருக்கு. எங்க வீட்டுக்காரர் இன்னும் கவனிக்கலை."