அளவுத் தாள்

கோடு எங்கேயும் நடுங்கவில்லை.

அதனால்தான் அவள் அந்தத் தாளைத் திரும்பப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

மற்ற தாள்களில் கோடு நடுங்கும். நடுங்கியே ஆக வேண்டும். கத்தி செய்து கேட்பவர்கள், பிடியின் அளவுக்காக, வேலை செய்யும் கையை வெள்ளைத் தாளில் விரித்து வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்து அனுப்ப வேண்டும் என்பது அவள் கணவனின் நிபந்தனை. வலது கை தாளில் இருந்தால் பென்சில் இடது கையில்தானே இருக்கும். கட்டைவிரல் இடுக்கில் கோடு தடுமாறும். சுண்டுவிரலில் வெளியே ஓடும். கொச்சியிலிருந்து ஒரு சமையல்காரர் அனுப்பிய கை, வாத்து மிதித்த மாதிரி இருந்தது.

உறைகளைப் பிரித்து, ஒவ்வொரு தாளின் மூலையிலும் பெயரும் ஊரும் எழுதிவைப்பது அவள் வேலை. ஏழு வருடங்களாகச் செய்கிறாள். முந்நூறு கைகளாவது பார்த்திருப்பாள்.

இந்தத் தாளில் பெயர் இல்லை. ஊர் இல்லை.

பெண் கை. ஒல்லியான விரல்கள்.

கோடு ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கியிருந்தது. அவசரமே இல்லை. இடுக்குகளில் அடிவரை போய்த் திரும்பியிருந்தது.

வீட்டில் வேறு யாராவது பிடித்து வரைந்து கொடுத்திருக்கலாம். அப்படி நினைத்துப் பார்த்தாள்.

ஆனால் கோடு பட்டையாக இருந்தது. ஆசாரிகள் வைத்திருக்கும் பட்டைப் பென்சிலின் கோடு. அந்தப் பென்சில் எப்போதும் அவள் கணவன் காதில் செருகியிருக்கும்.

பட்டறைக்கு நேரில் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் கையை அவன் வரைவதில்லை. "என் கையெல்லாம் ஆயில். அம்மிணி, வந்து வரஞ்சு குடு" என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுப்பான். அவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு ஓடுவாள்.

இந்தக் கைக்கு அவளைக் கூப்பிடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. கோடு மணிக்கட்டில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முன்னங்கையில் நாலு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

கத்திப் பிடிக்கு முன்னங்கை எதற்கு?

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் கையை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். கோடு தெரியவில்லை. அவள் கை பெரியது.

கம்பெனிக் கத்திக்கும் உங்கள் கத்திக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் போதும், அவன் சோறு தண்ணீரை மறந்துவிடுவான். வீடியோவில் சொல்வான். கண்காட்சியில் சொல்வான். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறான். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். கம்பெனியில் ஒரே அளவில் ஆயிரம் கத்தி விழும். எல்லார் கையிலும் கொஞ்சம் பொருந்தும், யார் கையிலும் முழுதாகப் பொருந்தாது. கைவேலைக் கத்தி அப்படியல்ல. அந்தக் கை எங்கே அழுத்தும், எங்கே சோரும் என்று பார்த்துப் பார்த்துப் பிடியைச் செதுக்க வேண்டும்.

"ஒரு கையத் தெரிஞ்சுக்காம அதுக்குக் கத்தி பண்ண முடியாதுங்க" என்று முடிப்பான். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

அவள் சமையலறையில் இருப்பது பச்சைப் பிளாஸ்டிக் பிடி போட்ட கம்பெனிக் கத்தி. தேங்காய்த் துருவி வாங்கியபோது இலவசமாக வந்தது. ஆள்காட்டி விரலின் அடியில் காய்ப்புக் காய்த்திருக்கிறது. பட்டறை தொடங்கிய வருடம், எனக்கும் ஒன்று செய்து கொடுங்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டாள். சுரைக்காய் அரிவதற்கு இதெல்லாம் எதற்கு என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவன் வந்ததும் வராததுமாகப் பெட்டியைக் கிளறினான். பிறகுதான் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"அதக் குடு. தெரிஞ்சவங்க ஒருத்தங்க. ஃபைல்ல சேக்க வேண்டாம். கொரியரும் வேண்டாம், நானே நேர்ல குடுத்துக்கறேன்."

அவள் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

தாளைக் கொடுத்தாள். அவன் அதை மடிக்கவில்லை. மடிப்பு விழாமல் மெல்லச் சுருட்டிக்கொண்டான்.

அவள் தாள்கட்டிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவி மேசையில் போட்டாள். வலது கையை அதன்மேல் விரித்து வைத்தாள்.

"வரைங்க."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் தோள்கள் இறங்கின. இவளுக்கு வேண்டியது ஒரு கத்திதான் என்று நினைத்துவிட்டான். அந்த நிம்மதியை அவளால் பொறுக்க முடியவில்லை.

"அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கே" என்று பென்சிலை எடுத்தான்.

கட்டைவிரலைச் சுற்றி வந்தான். ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். கடனே என்று வரைந்தான். காய்ப்பின் மேல் பென்சில் உரசியது, அவன் கவனிக்கவில்லை.

சுண்டுவிரலில் நின்றான்.

அதன் மேல் கணு உள்பக்கமாக வளைந்திருந்தது. அவன் நிமிர்த்திப் பார்த்தான். நிமிரவில்லை. குனிந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கத்தி செய்கிறவனின் அக்கறை அது. அதில் பொய் எதுவும் இல்லை.

"இது எப்ப இப்படிக் கோணுச்சு?"

அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"வர்ஷினி ஆறாவது படிக்கறப்பங்க. உங்க பட்டறை ஷட்டர எறக்கறப்ப."

அவர்கள் மகள்தான் வர்ஷினி. இந்த வருடம் பிளஸ் டூ எழுதப் போகிறாள்.

அவன் பென்சிலைத் தூக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை.

அவள் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தாளில் நாலு விரல் இருந்தது.